தாங்கும் இடம் அறிதல்

வீட்டுக் கதவொன்று நேற்றுவரை எளிதாகச் சாத்தப்பட்டு, இன்று நிலையோடு உரசத் தொடங்குமாயின், அனுபவமுள்ள தச்சர் உடனே சீவுளியைக் கையில் எடுப்பதில்லை. முதலில் அவர் அத்திவாரத்தை நோக்குவார். சுவரின் ஒரு மூலை தாழ்ந்துவிட்டதைக் கதவே முந்தி அறிவிக்கின்றது என்பதும், கதவைச் சீவுவதால் அத்திவாரம் உயராது என்பதும் அவருக்குத் தெரியும். இவ்வுண்மையை அறியாதார் கையிற் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் படும் பாடு சொல்லுந்தரமன்று. அதுபற்றிய என் கருத்துக்களை இம்மலரின் வாயிலாகப் பழைய மாணவர்க்கும், சிறப்பாகப் பொறியியலையும் மோட்டார்த் தொழிலையும் நாடும் இளைய மாணவர்க்கும் கூற விரும்புகின்றேன்.

1950ஆம், 1960ஆம் ஆண்டுகளை ஒட்டி இங்கிலாந்திற் செய்யப்பட்ட திறந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு சக்கரங்களில் நிற்கும்போது அதன் கதவுகள் ஒழுங்காகச் சாத்துகின்றன. திருத்த வேலைக்காக அதனை ஜக்கினால் உயர்த்தி, நான்கு இரும்புத் தாங்குகால்களின்மேல் இருத்துகின்றோம். இப்பொழுது கதவைத் திறந்து மீண்டுஞ் சாத்த முயன்றால், அது பூட்டிற் பொருந்த மறுக்கின்றது. அல்லது கதவுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள வெளி மேற்பக்கத்தில் ஒடுங்கியோ விரிந்தோ காணப்படுகின்றது. காரின் சட்டகம் வளைந்திருக்கின்றது என்பதே இதன் பொருள்.

இதனைக் காண்போர் இருவகைப்படுவர். ஒரு சாரார், "கறள் தின்ற வண்டி, இனி உதவாது" எனத் தீர்ப்பளிப்பர். மற்றொரு சாரார், "பழைய வண்டிகள் இப்படித்தான்" எனக் கூறி, அவ்வளைவைப் பொருட்படுத்தாது வேலையைத் தொடர்வர். இரு சாராரும் தவறுகின்றனர் என்பதும், இரண்டாமவர் தவறே பெரிது என்பதும் என் கருத்து. தாங்குகால்களின்மேல் ஒரு சட்டகம் வளைவது குற்றமன்று. அவ்வளைவு நீங்குமுன் அதனை வெட்டி ஒட்டுவதே குற்றம்.

கல்லூரிப் பௌதிக ஆய்வுகூடத்திலே மீற்றர்க் கோலை இரண்டு கத்தி விளிம்புகளின்மேற் கிடத்தி, நடுவிற் படிகளைத் தொங்கவிட்டு, அது தாழும் அளவைக் குறித்தெழுதியதை நம்மிற் பலர் மறந்திருக்கமாட்டோம். விளிம்புகளுக்கு இடையேயுள்ள தூரத்தை இரு மடங்காக்கினால், அதே படிக்கு நடுவின் தாழ்வு எட்டு மடங்காகும் என்பது அங்கே கண்ட விதி. விளிம்புகளை உள்நோக்கி நகர்த்திப் படிகளைக் கோலின் இரு நுனிகளிலுந் தொங்கவிட்டாலோ, நுனிகள் தாழ, நடு மேலெழும். படிகளை நீக்கியதும் கோல் முன்போல் நேராகிவிடும். கோல் அதே கோல்தான். எங்கே தாங்கினோம், எங்கே பாரம் ஏற்றினோம் என்பதைப் பொறுத்தே அது ஒரு முறை கீழும் ஒரு முறை மேலும் வளைந்தது.

காரின் சட்டகமும் இவ்விதிக்கு உட்பட்டதே. கார் சக்கரங்களில் நிற்கும்போது, வில்கள் பொருத்தப்பட்ட இடங்கள், அஃதாவது முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் அண்மையான இடங்கள், அதன் பாரத்தைத் தாங்குகின்றன. கதவுகளைப் பொருத்தி அளவு பார்த்த காலத்தில் உடல் பெற்றிருந்த வடிவம் அதுவே. தாங்குகால்களைக் கதவுகளின் கீழே நடுப்பகுதியில் வைப்போமாயின், முன்னே எஞ்சினும், பின்னே அச்சும் பெற்றோல் தாங்கியும் இரு நுனிகளிலுந் தொங்கும் படிகளாகிவிடும். அப்பொழுது நடு மேலெழுந்து, கதவு வாயின் மேற்பக்கம் விரியும். தாங்குகால்களை முன்கோடியிலும் பின்கோடியிலும் வைத்தால், நடு தாழ்ந்து கதவு வாயின் மேற்பக்கம் ஒடுங்கும். வள்ளுவர் மயிற்பீலி ஏற்றிய வண்டியின் அச்சு முறிதற்குப் பாரத்தின் மிகுதியைக் காரணமாகக் காட்டினார். ஈண்டு நாம் ஆராய்வது பாரத்தின் மிகுதியை அன்று. அது அமரும் இடத்தை.

இது திறந்த கார்களிலே சிறப்பாகத் தோன்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. சப்பாத்துப் பெட்டி ஒன்றை மூடியோடு எடுத்து இரு கைகளாலும் முறுக்கிப் பாருங்கள். அது எதிர்த்து நிற்கும். மூடியைக் கழற்றிவிட்டு முறுக்குங்கள், உடனே இணங்கிவிடும். கூரையுள்ள கார் மூடியுள்ள பெட்டி. கூரையற்ற கார் மூடியற்ற பெட்டி. யாழ்ப்பாணத் தெருக்களில் நெடுங்காலம் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் பெரும்பாலும் கூரையுள்ளவை. அவற்றை ஜக்கினால் உயர்த்திப் பழகிய கைகள், திறந்த காரொன்றை முதன்முதல் உயர்த்தும்போது ஏமாறுவது இயல்பே.

கூரை இல்லாதபோது அதன் கடமையை ஏற்பது எது? கதவின் கீழே நீளவாட்டில் ஓடும் தகட்டுப் பெட்டி. வீட்டு வாயிலின் வழக்கைப் பின்பற்றி அதனை நிலைப்படி என்று அழைப்போம். மூடிய பெட்டியாக இருக்கும்வரையே அதற்கு முறுக்கத்தை எதிர்க்கும் ஆற்றல் உண்டு. 50 மில்லிமீற்றர் விட்டமும் 2 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள உருக்குக் குழாயொன்றை நீளவாட்டில் ஒரு கோடாகக் கீறிவிட்டால், அதன் முறுக்கு விறைப்பு 400 மடங்கிற்கு மேற் குறைந்துவிடும். உலோகத்தின் நிறை குறையவில்லை. மூடிய வடிவம் திறந்த வடிவமாயிற்று, அவ்வளவே. நிலைப்படியின் பொருத்து நெடுகக் கறள் தின்பதும் இத்தகைய கீறலே. மாரியிற் பனியைக் கரைப்பதற்காக இங்கிலாந்தின் தெருக்களிலே தூவப்படும் உப்பு, அப்பெட்டியினுட் புகுந்து இந்தக் கீறலை உள்ளிருந்தே செய்கின்றது. வெளியே வர்ணம் மினுங்கும். உள்ளே பெட்டி திறந்திருக்கும்.

கார்களைச் செய்தோர் இச்சிக்கலை அறியாதவரல்லர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியில் அதனை எதிர்கொண்டனர். இத்தாலியரான வின்சென்சோ லான்சியா 1922இல் வெளியிட்ட லம்டா என்னும் கார், தனிச் சட்டகத்தை நீக்கி உடலையே சட்டகமாக்கியது. 1954இல் வெளிவந்த மேர்சிடிஸ் 300 எஸ்.எல். காரின் சட்டகம் மெல்லிய குழாய்களாற் பின்னப்பட்டது. விறைப்பின் பொருட்டுப் பக்கக் குழாய்களை உயர்த்தியமையால் வழக்கமான கதவுக்கு இடமில்லாது போயிற்று. ஆகவே கதவைக் கூரையிற் கீல்வைத்துப் பறவையின் சிறகுபோல் மேலே திறக்கச் செய்தனர். கதவு வாயும் விறைப்பும் ஒன்றுக்கொன்று பகை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. கொலின் சப்மன் 1962இல் வெளியிட்ட லோட்டஸ் எலான் காரில், தகட்டுப் பெட்டியொன்று முதுகெலும்புபோல நடுவே ஓடுகின்றது. உடலோ கண்ணாடி நாரினாலானது. அதே 1962இல் தோன்றி, 1980வரை அபிங்டன் நகரிலே 5 இலட்சத்துக்கு மேற் செய்யப்பட்ட எம்.ஜி.பி. காரில் தனிச் சட்டகம் இல்லை. திறந்த வகையில் வலிமை முழுவதும் தரையிலும் இரு நிலைப்படிகளிலும் தங்கியிருக்கின்றது.

மோகன் கார்களின் கதை வேறு. உருக்கு ஏணிச் சட்டகத்தின்மேல் மரத்தாலான உடற்கூட்டைப் பொருத்தும் முறையை மேல்வேர்ண் நகரத்து அத்தொழிலகத்தார் 1936இலிருந்து 2020வரை நாற்சக்கரக் கார்களிற் கைவிடவில்லை. அச்சட்டகம் பாதையோடு சிறிது இணங்கிச் செல்லும் என்பதை அதனை ஓட்டுவோர் அறிவர், அறிந்தே விரும்பினர். ஆகவே வளைவதெல்லாம் பழுது என்று கூறுவோர் எண்பது ஆண்டுகளுக்கு மேலான தொழில் மரபொன்றைக் குப்பை என்று கூறுகின்றனர்.

இனி, தாங்குகால்களின் உயரத்தைப் பற்றி ஒரு கணக்குப் பார்ப்போம். மூன்று கால்களையுடைய முக்காலி எத்தரையிலும் ஆடாது. நான்கு கால்களையுடைய நாற்காலியே ஆடும். சக்கரங்களில் நிற்கும் கார் ஆடாதிருப்பது வில்களின் உதவியால். தாங்குகால்களைச் சட்டகத்தின் கீழ் நேரே வைக்கும்போது வில்களுக்கு அங்கே வேலையில்லை. 900 கிலோகிராம் நிறையுள்ள கார் நான்கு தாங்குகால்களிற் சமமாக அமர்ந்தால், ஒவ்வொன்றும் 225 கிலோகிராம் சுமக்கும். குறுக்கே அவற்றின் இடைவெளி 1 மீற்றர் எனவும், சட்டகத்தின் முறுக்கு விறைப்புப் பாகைக்கு 3,000 நியூற்றன் மீற்றர் எனவுங் கொள்வோம். அவற்றுள் ஒன்று 10 மில்லிமீற்றர் உயர்ந்துவிட்டால், சட்டகம் 0.57 பாகை முறுகும். அம்முறுக்கத்திற்கு ஏறத்தாழ 1,700 நியூற்றன் மீற்றர் வேண்டும். அதன் விளைவாக எதிரெதிர் மூலைகள் இரண்டும் 400 கிலோகிராம் வீதமும், மற்றை இரண்டும் 50 கிலோகிராம் வீதமுஞ் சுமக்கும். உயர்வு 13 மில்லிமீற்றரானால் அவ்விரண்டும் ஒன்றையுஞ் சுமவா. கார் இரண்டு மூலைகளில் மட்டும் நிற்கும். தாங்குகாலின் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையிலுள்ள உயரம் பெரும்பாலும் இதனிலும் மிகுதி என்பதை எண்ணிப் பாருங்கள். விறைப்பு மிகுந்த காரானால் இன்னுஞ் சிறிய உயர்விலேயே இந்நிலை நேரும். இணங்கும் சட்டகம், தன் இணக்கத்தினாலேயே நான்கு மூலைகளிலும் அமர முயல்கின்றது. அதன் வளைவைப் பழிப்போர் இந்நன்மையையும் நினைத்தல் வேண்டும்.

இவற்றையெல்லாம் யான் நூலிற் கற்றபின் காரிற் கண்டேனல்லேன். காரிற் பட்டபின்னரே நூலைத் தேடினேன். 1980ஆம் ஆண்டுகளின் இறுதியில் இங்கிலாந்தில் வாழ்ந்தபோது, 1967ஆம் ஆண்டுத் திறந்த எம்.ஜி.பி. ஒன்றை வாங்கினேன். நிலைப்படிகள் கறளால் உளுத்திருந்தமையால், புதியன பொருத்துமாறு ஒரு கராஜில் ஒப்படைத்தேன். ஆறு வாரங்களின்பின் சென்றபோது கார் புதுவர்ணத்தோடு அழகாக நின்றது. ஆனால் இடக்கதவு சாத்தவில்லை. வலக்கதவைத் தோளால் இடித்தே சாத்த வேண்டியிருந்தது. பொறுப்பாயிருந்தவர் கீல்களைத் தளர்த்தினார், பூட்டை நகர்த்தினார், ஈற்றில் "இந்தப் பழைய வண்டிகள் இப்படித்தான்" என்றார். பேசிய பணத்தைக் குறைவின்றி வாங்கியும் கொண்டார்.

நடந்தது என்ன என்பதை அங்கு வேலை செய்த இளைஞர் ஒருவரே பின்னர் எனக்குச் சொன்னார். காரின் இரு கோடிகளிலும் தாங்குகால்களை வைத்து, கதவுகளைக் கழற்றி ஒரு மூலையிற் சாத்திவிட்டு, இரு நிலைப்படிகளையும் ஒரே நாளில் வெட்டி எடுத்திருக்கின்றனர். நிலைப்படி போனதும் நடு தாழ்ந்தது. தாழ்ந்த நிலையிலேயே புதிய தகடுகளை வைத்து உருக்கி ஒட்டிவிட்டனர். கதவு இருந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருக்கும். சாட்சியை வெளியே நிறுத்திவிட்டு வழக்கை முடித்தது போலாயிற்று.

இங்கேதான் என் கருத்தின் மையம் இருக்கின்றது. வளைவுகள் இருவகை: மீளும் வளைவு, மீளா வளைவு. கோலிலிருந்து படிகளை நீக்கினால் அது நேராவதுபோல, காரைத் தாங்குகால்களிலிருந்து இறக்கியதும் கதவு முன்போற் சாத்துமாயின், அந்த வளைவு அதன் இயல்பு. இறக்கியபின்னும் சாத்தாதாயின் அது காயம். மீளும் வளைவை மீளா வளைவாக மாற்றும் வல்லமை உருக்கி ஒட்டும் கைக்கு உண்டு. வளைந்த நிலையில் ஒட்டப்பட்ட தகடு, அவ்வளைவையே தன் பிறவி வடிவமாகக் கொண்டுவிடும். பின்னர்க் காரைச் சக்கரங்களில் இறக்கினாலும் அது திரும்பாது. கறள் பல ஆண்டுகளிற் செய்ய முடியாத கேட்டை, அறியாமை ஒரு பிற்பகலிற் செய்துவிடுகின்றது.

அடுத்த மாரிகாலம் முழுவதும் என் வீட்டுக் கொட்டிலில் அவ்வேலையைத் திரும்பச் செய்தேன். காரைச் சமதரையிற் சக்கரங்களில் நிறுத்தி, கதவின் இடைவெளிகளை முன்னும் பின்னும், மேல், நடு, கீழ் என அளந்து எழுதினேன். பின்னர் முன்னே வில்கள் ஊன்றும் குறுக்குச் சட்டத்தின் கீழும், பின்னே அச்சின் கீழும் தாங்குகால்களை வைத்தேன். இவ்வாறு வைத்தால் உடலுக்குப் பாரம் வரும் வழி தெருவில் நிற்கும்போது வருவது போன்றதே. கதவு வாயின் குறுக்கே, கீல் நிற்கும் தூணுக்கும் பூட்டு நிற்கும் தூணுக்கும் இடையே, உருக்குக் குழாயொன்றை ஆணியிட்டு இறுக்கினேன். நடுவை மெல்ல உயர்த்தி, கதவை மாட்டிப் பார்த்து, இடைவெளி சரியான பின்னரே ஒரு பக்கத்தை வெட்டினேன். அது முடியும்வரை மறுபக்கத்தைத் தொடவில்லை. முதலிற் புள்ளி புள்ளியாக ஒட்டி, மறுபடி கதவை மாட்டிச் சாத்திப் பார்த்து, அதன்பின்னரே முழுதாக ஒட்டினேன். சூடு ஓரிடத்திற் குவிந்தால் தகடு இழுபடும் என்பதனால், சிறு சிறு துண்டுகளாக இடம் மாற்றி மாற்றி ஒட்ட வேண்டியிருந்தது. இளவேனிலில் காரை இறக்கியபோது இரு கதவுகளும் இரண்டு விரல்களால் தள்ளச் சாத்தின. இதனை என் திறமைக்குச் சான்றாகக் கூறவில்லை. அத்தொழிலில் யான் கற்றுக்குட்டி. முறை சரியாயிருந்தது, அவ்வளவே.

சிலர், "இவ்வளவு தொல்லை எதற்கு? தடித்த தகடுகளை வைத்து எங்கும் இறுக்கி ஒட்டிவிட்டால் வளையாதே" என்பர். வலிமை வேறு, விறைப்பு வேறு என்பதை அவர் மறந்தனர். உயர்ந்த வலிமையுள்ள உருக்கும் மெல்லுருக்கும் முறிவதில் வேறுபடுமேயன்றி, மீளும் எல்லைக்குள் வளைவதில் ஏறத்தாழ ஒன்றே. விறைப்பைத் தருவது பெரும்பாலும் வடிவம். இணங்கும் சட்டகத்தில் ஓரிடத்தை மட்டும் இறுக்கினால், அந்த இணக்கம் இறுக்கிய இடத்தின் ஓரத்திற்கு நகர்ந்து, அங்கே வெடிப்பாக வெளிப்படும். வேறு சிலர், இக்காலக் கார்களோடு ஒப்பிட்டுப் பழையவற்றை இகழ்வர். இன்றைய குடும்பக் கார்கள் பலவற்றின் முறுக்கு விறைப்புப் பாகைக்கு 20,000 நியூற்றன் மீற்றருக்கும் மேற்பட்டது என்பது உண்மையே. அவற்றை வடிவமைத்தோர்க்குக் கணினி இருந்தது; முன்னையோர்க்கு வரைபலகையும் கணிப்புச் சட்டமுமே இருந்தன. அவர்கள் செய்தவற்றை அவர்கள் வகுத்த வழியிலே தாங்குவது நம் கடமை. 1988முதல் எம்.ஜி.பி. காரின் முழு உடலையே இங்கிலாந்திற் புதிதாகச் செய்து விற்று வருகின்றனர். அது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் ஒழுங்காகத் தாங்கி வைத்திருந்தாற் பிழைத்திருக்கக்கூடிய உடல்கள் எத்தனை பழைய இரும்போடு சேர்ந்தனவோ என்று எண்ணும்போது மனம் வருந்துகின்றது.

தகட்டின் கேடு இவ்வாறாக, உயிரின் கேட்டையும் சொல்லாது விடுதல் முறையன்று. ஜக் என்பது உயர்த்துவதற்கே, தாங்குவதற்கன்று. ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழே ஒருவரும் தலையை நீட்டலாகாது. தாங்குகால் நிற்குந் தரை வன்மையாகவும் சமமாகவும் இருத்தல் வேண்டும். செங்கல்லையும் உள்ளீடற்ற சீமெந்துக் கல்லையும் முட்டுக் கொடுப்பது நம் நாட்டிலும் கண்ட வழக்கம். அவை முன்னறிவிப்பின்றி ஒரு கணத்தில் உடைபவை. மேலே காட்டிய கணக்கில், 50 கிலோகிராம் மட்டுஞ் சுமந்து நின்ற தாங்குகால் ஒரு சிறு தள்ளலில் நழுவக்கூடும். ஆகவே கீழே செல்லுமுன் காரைக் கையால் அசைத்துப் பார்த்தலும், கழற்றிய சக்கரத்தைப் பக்கச் சட்டத்தின் கீழே படுக்க வைத்தலும் எளிய காவல்கள். கறள் தின்ற நிலைப்படியின் கீழ்த் தாங்குகாலை வைப்பவர், தம் காரை மட்டுமன்றித் தம்மையும் பணயம் வைக்கின்றார்.

முடிவாக, திருத்தகம் நடத்துவோர்க்கும் அங்கே பயிலச் செல்லும் எம் இளைஞர்க்கும் ஒரு வேண்டுகோள் விடுக்கின்றேன். திறந்த கார் ஒன்று வேலைக்கு வந்தால், அது சக்கரங்களில் நிற்கும்போது கதவின் இடைவெளிகளை அளந்து எழுதுங்கள். தாங்குகால்களில் ஏற்றியபின் மீண்டும் அளந்து, அதன் அருகே எழுதுங்கள். வேலை முடிந்து இறக்கியபின் மூன்றாம் முறை அளந்து, அத்தாளைப் பற்றுச்சீட்டோடு உரியவர் கையிற் கொடுங்கள். ஒரு துண்டுக் கடதாசியும் கால் மணி நேரமுமே இதற்கு வேண்டுவன. அத்தாள் இருக்குமிடத்தில் "பழைய வண்டிகள் இப்படித்தான்" என்னும் சொல்லுக்கு இடமிராது. ஆய்வுகூடத்திலே மீற்றர்க் கோலின் தாழ்வை முதலிற் படியின்றியும், பின் படியோடும், ஈற்றிற் படியை நீக்கியும் அளக்கவே நமக்குக் கற்பித்தனர். அந்த மூன்றாவது அளவை எதற்காக எடுக்கச் சொன்னார்கள் என்பது எனக்கு விளங்க முப்பது ஆண்டுகளும் ஒரு காரும் தேவைப்பட்டன. இளைய மாணவர்க்கு அத்துணைக் காலம் வேண்டியதில்லை.